பொதுவாசகர் ஜெபமாலை

"நீங்க யாரு, புதுசா வர்றீங்களா?" என்று ஜெபமாலை கேட்டபோது இன்பவல்லி வழக்கம்போலச் சிரித்துவைத்தாள்.

"ஆமாக்கா. புதுசுதான்."

ஜெபமாலைக்கு அவள் இப்படி அறிமுகமாவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுப் பல காலமாயிற்று. முதல் நாள் 'மேடம்'. இரண்டு நாள் போனால் 'ஏம்மா'. கட்டுரை முடிகிற சமயத்தில் 'வல்லி, சாப்பிட்டியாடி?' அப்புறம் ஜெபமாலையைத் துடைப்பு அறைக்கு அழைத்துப்போவார்கள். அடுத்த கட்டுரையோடு வல்லி வந்து நின்றால், மறுபடியும் 'நீங்க யாரு?'

வல்லிக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்கவில்லை. அப்பா அம்மா போய்ச்சேர்ந்தாயிற்று. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை மதித்தார்கள், அதனால் யாரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அவளைப் பார்த்துச் சாப்பிட்டியா என்று கேட்கிற ஒரே ஜீவன் ஜெபமாலைதான். அந்த ஒரு ஜீவனும் வருஷத்துக்கு இரண்டு தடவை அவளை மறந்துபோகும்.

"இந்தாங்க, கடலை மிட்டாய்."

"அட, எனக்கு இது பிடிக்கும்னு யாரு சொன்னா?"

"சும்மா, தோணிச்சு," என்றாள் வல்லி.

இந்த ஏற்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் ஆய்வுக்கட்டுரைகளை இயந்திரங்கள் எழுத ஆரம்பித்தன. சரிபார்ப்பதும் இயந்திரங்களே என்றாயிற்று. மனிதர் எவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் துணிச்சலும் இல்லை. யாருக்குமே புரியாமல் வெளியான அப்படியொரு கட்டுரையை நம்பி ஒரு மருந்து கடைக்கு வந்தது, அதைக் குடித்த குழந்தைகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் நாடுகள் கூடிப் பேசிப் பொதுவாசகர் சட்டத்தைக் கொண்டுவந்தன. துறை தெரியாத ஒரு சாதாரண மனிதர் கட்டுரையைப் படிக்க வேண்டும். புரியாத வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும். கோடு விழுந்த இடத்தை எழுதியவர் திருத்த வேண்டும். சிவப்பே இல்லாத பிரதி வரும்வரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மாரடிக்க வேண்டும். கடைசியில் வாசகர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கட்டுரையைத் திருப்பிச் சொல்வார். அது தேறினால்தான் முத்திரை.

நல்ல சட்டம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்துக் கட்டுரை படித்தவர் சாதாரண மனிதராக எப்படி இருப்பார்? பாதி நிபுணராகிவிடுவாரே? அதற்காகத்தான் துடைப்பு. தலைக்கு ஒரு கவசத்தை மாட்டி, படித்த கட்டுரையையும் எழுதியவரின் முகத்தையும் நினைவிலிருந்து எடுத்துவிடுவார்கள். முகம் எதற்கென்றால், ஆள் தெரிந்தால் தாட்சண்யம் வந்துவிடுமாம். வலிக்காது, வேறு எந்த நினைவுக்கும் பங்கம் வராது என்று வாசகர்களிடம் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுவார்கள்.

திருச்சி வாசிப்பு நிலையத்தில் இருந்த வாசகர்களில் ஜெபமாலைதான் மூத்தவள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். கணவர் சூசை இறந்தபிறகு, தனியாகக் கிடந்து என்ன செய்வது என்று இந்த வேலைக்கு வந்தாள். வல்லிக்கு அவள் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்று மற்ற ஆய்வாளர்கள் பொறாமைப்பட்டார்கள். ஏனென்றால் வல்லியின் கட்டுரைகளைப்போலத் தெளிவாக உலகத்திலேயே எவரும் எழுதுவதில்லை என்று பெயர். மனித நினைவைப் பற்றிய அவளுடைய கட்டுரைகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் படித்தார்கள். அவளுடைய வித்தை சின்னது. ஜெபமாலையோடு ஊர்க்கதை பேசுவாள். அந்தக் கதையிலிருந்தே உதாரணத்தை எடுப்பாள். நினைவு எப்படி உறைகிறது என்பதற்கு, ஜெபமாலை சின்ன வயதில் பார்த்த உப்பளம். மூளை எதை வைத்துக்கொண்டு எதைத் தள்ளுகிறது என்பதற்கு, அவள் அம்மா முறத்தில் அரிசி புடைக்கிற லாவகம். தன் வீட்டுச் சங்கதியே எழுத்தில் வந்தால் யாருக்குத்தான் புரியாது? சிவப்புக் கோடு இரண்டாம் நாளே நின்றுவிடும்.

போன தடவை, கட்டுரை முடிந்த கையோடு, வல்லி பேச்சுவாக்கில் உப்பளத்தைப் பற்றிக் கேட்டாள். அந்த உதாரணம் அதற்கும் முந்தைய கட்டுரையில் வந்தது.

"உப்பளமா? நான் பார்த்ததில்லையே."

"உங்கப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போனாரே அக்கா?"

ஜெபமாலை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்கப்பாவுக்குச் சைக்கிள் எல்லாம் ஏதும்மா? நீ வேற யாரையோ சொல்றே."

அந்தச் சைக்கிளின் முன்கம்பி, அதில் சுற்றியிருந்த பழைய துண்டு, வெயிலில் உப்புப்பாத்தியின் வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்ட சிறுமி, எல்லாவற்றையும் ஜெபமாலையின் வாயாலேயே கேட்டவள் வல்லி. அந்த நாளில் இருந்த இரண்டு பேரில் அப்பா செத்துவிட்டார். மகளிடமிருந்து அதைப் பிடுங்கியாயிற்று. இப்போது அது பாக்கியிருப்பது சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆளிடம் மட்டும்.

மாதக்கணக்கில் உட்கார்ந்து, பல ஊர் வாசகர்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தாள். முடிவு கைக்கு வந்ததும் நேரே நிலைய அதிகாரி கோமதிநாயகத்திடம் போனாள். தங்கமான மனிதர், ஆனால் சட்டத்தின் ஷரத்துகளைத் தூக்கத்தில்கூட வரிசையாகச் சொல்லக்கூடியவர்.

"புரியறதுன்னா என்ன சார்? புதுசா வர்ற விஷயத்தை, ஏற்கெனவே நமக்குள்ள இருக்கிற ஒண்ணோட கட்டிப்போடறோம். அவ்வளவுதான். துடைக்கிற கவசம் அந்தக் கட்டைத்தான் பிடிச்சுட்டுப் போகுது. புதுசை எடுக்கும்போது, அது எதோட கட்டியிருக்கோ அதையும் சேர்த்துப் பேர்த்துடுது."

"எல்லா வாசகருக்குமா மேடம்?"

"குழப்பமா எழுதறவங்ககிட்ட மாட்டினவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. அரைகுறையாப் புரியுது, அரைகுறையா ஒட்டுது, வழிச்சு எடுத்துடலாம். தெளிவா எழுதறவங்ககிட்ட மாட்டினவங்கதான் பாவம்." கையிலிருந்த பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினாள். "பட்டியல்ல ஜெபமாலை அக்காதான் சார் முதல்ல இருக்காங்க. என்னாலதான்."

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "இதை உடனே வெளியிடணும்."

"வெளியிடணும்னா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியிட வேண்டுமென்றால் முத்திரை வேண்டும். முத்திரை வேண்டுமென்றால் ஒரு வாசகருக்கு அது புரிய வேண்டும். புரிந்தால் துடைக்க வேண்டும்.

"முத்திரை இல்லாம பத்திரிகைக்குக் குடுத்தா?" என்று வல்லி கேட்டாள்.

"மருந்து விஷயத்துக்கு அப்புறம் சட்டத்தைக் கடுமையாக்கிட்டாங்களே மேடம். முத்திரை இல்லாத ஆய்வுன்னா வதந்தி. உங்களை உள்ளே தூக்கிப் போட்டுட்டு, கட்டுரையைக் குப்பையில போட்டுடுவாங்க. வேற வாசகரைத் தரட்டுமா?"

"அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?" என்றாள் வல்லி.

அதனால்தான் இந்த முறை கடலை மிட்டாயை மட்டும் நீட்டிவிட்டு, கட்டுரையைப் பையிலேயே வைத்திருந்தாள்.

பையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. அவள் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே தெளிவானது. அதைப் படித்தால் ஜெபமாலைக்கு அரை மணியில் புரிந்துவிடும். உதாரணம் எதுவும் இல்லாமல்தான் எழுதியிருந்தாள். ஆனால் அதனால் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதியவர் உதாரணம் தராவிட்டால் படிப்பவர் தனக்குள்ளிருந்து எடுத்துவைத்துக்கொள்வார். ஜெபமாலைக்குள் இனி எடுக்க என்ன இருக்கிறது?

அதையும் ஜெபமாலையே சொன்னாள், மதியம் சாப்பிடும்போது. நிலையத்தில் அன்றைக்கு மீன்குழம்பு.

"எங்க வீட்டுக்காரர் இருந்தாரே சூசை, மீன் கண்ணை எடுத்து எனக்குன்னு தட்டு ஓரத்துல வைப்பாரு. ஒரு நாள்கூடத் தவறினதில்ல. சண்டை போட்ட அன்னைக்கும் வைப்பாரு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. "என்னமோ தெரியல மேடம், வயசாயிடுச்சு போல. அவரைப் பத்தி நினைச்சா இது ஒண்ணுதான் நல்லாத் துலக்கமா வருது. மத்ததெல்லாம் தேடினா கிடைக்கமாட்டேங்குது."

வல்லி இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மற்றதெல்லாம் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். மூன்று கட்டுரைகளில் அச்சாகி, உலகம் பூராவும் பாராட்டு வாங்கியிருக்கின்றன. சொல்லவும் முடியாது. சொன்னால் புரிந்துவிடும், புரிந்தால் அதுவே கட்டுரை, துடைக்கும்போது மீன் கண்ணையும் பேர்த்துக்கொண்டு போகும். விளக்குவதையே பிழைப்பாக வைத்திருந்தவளுக்கு, விளக்க வேண்டிய ஒரே ஆளிடம் வாயைத் திறக்க வழியில்லை. அவ்வளவு தனியாக அவள் அதற்கு முன் இருந்ததில்லை.

மாலையில் ஜெபமாலை மொட்டைமாடியில் துணி எடுத்தபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "மகரந்தச்சேர்க்கை என்பது மகரந்தத்தூள் மகரந்தப்பையிலிருந்து சூலகமுடியை அடையும் நிகழ்வாகும். இது இருவகைப்படும்."

"என்னக்கா அது?"

"பத்தாங்கிளாஸ்ல டப்பா அடிச்சது. அஞ்சு மார்க் கேள்வி. வேலை செய்யும்போது தானா வாயில வரும்."

"சூலகமுடின்னா என்ன?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் ஜெபமாலை, போர்வையை உதறியபடி. "டீச்சர் படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். அஞ்சுக்கு அஞ்சு."

வல்லி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

திருப்பிச் சொல்லும் தேர்வை வகுத்தவர்கள் எங்கோ பனி பெய்கிற தேசத்தில் உட்கார்ந்து வகுத்தார்கள். ஒருவர் ஒரு கட்டுரையைத் தவறில்லாமல் திருப்பிச் சொல்கிறார் என்றால் அவருக்கு அது புரிந்திருக்கிறது என்று பொருள், இல்லாவிட்டால் எப்படிச் சொல்ல முடியும் என்பது அவர்கள் கணக்கு. பாவம், அவர்கள் நம் ஊர்ப் பத்தாம் வகுப்பைப் பார்த்ததில்லை.

தெளிவான பிரதியைக் கிழித்துப்போட்டுவிட்டு வல்லி மறுபடி எழுத உட்கார்ந்தாள். குழப்பமாக எழுதுவது லேசில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கை பழக்கதோஷத்தில் எழுவாயைத் தேடிப் போயிற்று, வாக்கியத்தை முடிக்கப் பார்த்தது. அதட்டி உட்கார வைத்தாள். 'உட்கிரகிப்புசார் இணைவுத்தடங்களின் பின்னோக்கு நீக்கப் பரவலானது பங்கேற்பாளர்தம் தன்வரலாற்றுத் தேக்கத்தின்கண் ஏற்படுத்தும் உடனிகழ் குறைவானது' என்று ஒரு வரி எழுதிப் படித்துப் பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. நல்லது என்று அடுத்த வரிக்குப் போனாள்.

பின்னிணைப்பில் சான்றுகளைக் கொடுத்தாக வேண்டும். அதில் மட்டும் எதையும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. 'வாசகர் ஒன்று இழந்தவை' என்று தலைப்பிட்டு எழுதினாள். தகப்பனாரின் மிதிவண்டி முன்கம்பியில் அமர்ந்து உப்பளம் காணச் சென்றமை. பாத்தியின் ஒளி தாங்காது கண்மூடிக்கொண்டமை. தாயார் முறத்தில் அரிசி புடைக்கையில் பதரைத் தன்மீது ஊதி விளையாடியமை. தன்னிடம் மட்டும் இருந்த அவ்வளவையும் எழுதி முடித்தபோது தாள் நனைந்திருந்தது.

ஜெபமாலை முதல் பக்கம் முழுவதும் சிவப்பாக்கிவிட்டாள்.

"என்ன மேடம் இது? ஒரு வரிகூடப் புரியல."

"புரிய வேணாம்க்கா. மகரந்தச்சேர்க்கை மாதிரி டப்பா அடிச்சிருங்க."

ஜெபமாலை பென்சிலைக் கீழே வைத்தாள். முகம் கடுத்துவிட்டது. "இத்தனை வருஷத்துல எதைப் படிச்சேன்னே ஞாபகமில்ல, ஆனா புரியாத ஒண்ணுக்கும் நான் முத்திரை வெச்சிருக்கமாட்டேன். அது மட்டும் எனக்குத் தெரியும். பிள்ளைங்க செத்துதான் இந்தச் சட்டம் வந்துச்சு. நீங்க வேற ஆளைப் பாருங்க."

அவள் எழுந்து கதவுவரை போய்விட்டாள். வல்லிக்கு வேறு வழி தெரியவில்லை.

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேதான் வைப்பாரு. ஆனா எந்தக் கண் பெருசோ அதைத்தான் வைப்பாரு. வலது கையால வெச்சுட்டு, இடது கையால உங்க தண்ணி டம்ளரைக் கிட்ட நகர்த்துவாரு."

ஜெபமாலை அப்படியே நின்றாள். "டம்ளரை நான் உங்ககிட்ட சொல்லலையே."

"சொன்னீங்க."

"எப்ப?"

வல்லிக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "சூசை அண்ணனோட மீன் கண்ணு உங்ககிட்டயே இருக்கணும்க்கா. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. இதுல யாருக்கும் கெடுதல் இல்ல. எங்கம்மா மேல சத்தியம்."

ஜெபமாலை வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். யார் என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும். கிடைத்திருக்காது. ஆனாலும் வந்து உட்கார்ந்து, தாளை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை பக்கம்?"

அதற்குப் பிறகு கோடு விழாத புதுப் பிரதியோடு மொட்டைமாடியில் நடந்து நடந்து படித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆடி ஆடிப் படித்தாள். பின்னிணைப்புக்கு வந்தபோது நின்றாள். "இந்த ஒரு பக்கம்தான் மனுசங்க பேசற மாதிரி இருக்கு. யாரோ ஒரு புள்ள உப்பளம் பார்க்கப் போயிருக்கு."

"அதையும் கதையாப் படிக்காதீங்கக்கா. வரிவரியா அடிங்க."

"யாரு பெத்த புள்ளையோ," என்றபடி அவள் நடையைத் தொடர்ந்தாள். வல்லி கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வு அறையில் ஜெபமாலை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். இயந்திரம் நூற்றுக்கு நூறு போட்டது. இதுவரை எந்த நாட்டிலும் எந்த வாசகரும் வாங்காத மதிப்பெண் அது. கோமதிநாயகம் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிஜமாவே புரிஞ்சுதாம்மா?"

"நல்லாப் புரிஞ்சுது சார்," என்றாள் ஜெபமாலை, அவர் கண்ணைப் பார்க்காமல். அவர் முத்திரையைக் குத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துடைப்பு அறைக் கதவருகே ஜெபமாலை திரும்பி வல்லியின் கன்னத்தைத் தொட்டாள். "சாப்பிடு வல்லி. எலும்பும் தோலுமா இருக்கே." கதவு சாத்திக்கொண்டது. டம்ளரைப் பற்றி வாய்விட்டது தப்போ, பேச்சில் வந்ததும் கட்டுரையோடு ஒட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் அப்புறம்தான் வல்லியைப் பிடித்துக்கொண்டது.

கட்டுரை வெளியானது. வல்லிக்கு மண்டை குழம்பிவிட்டது என்று துறையில் பேசிக்கொண்டார்கள். நூற்றுக்கு நூறு முத்திரை பெற்ற கட்டுரை எவருக்கும் புரியவில்லை என்பதால் பெரிய குழு ஒன்று அவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. முத்திரை விழுந்துவிட்டதால் இனி அவள் யாரிடமும் விளக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி, அரை மணியில் சொல்லி முடித்தாள். அந்த வருஷமே துடைப்பை நிறுத்தினார்கள். வாசகர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போனது போனதுதான், அதைத் திரும்பக் கொண்டுவர எவராலும் முடியவில்லை.

வல்லி பஸ் பிடித்து ஜெபமாலையின் குப்பத்துக்குப் போனாள். கையில் கட்டுரை எதுவும் இல்லாமல் அவளைப் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. ஜெபமாலை வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா நீங்க?"

"திருச்சியிலேருந்து வர்றேன்க்கா. நிலையத்துல பழக்கம்."

"உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." அவள் ஒரு மீனின் தலையைத் தனியே எடுத்துவைத்தாள். "எங்க வீட்டுக்காரர் இருந்தா இந்தக் கண்ணை எனக்குத்தான் வைப்பாரு. டம்ளரையும் கிட்ட நகர்த்திவைப்பாரு."

வல்லி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். மீன் கண்ணும் டம்ளரும் ஜெபமாலையிடமே இருந்தன. ஜெபமாலை கவனிக்கவில்லை. செதிலைச் சுரண்டியபடி, தன்பாட்டுக்கு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள்.

"தகப்பனாரின் மிதிவண்டி முன்கம்பியில் அமர்ந்து உப்பளம் காணச் சென்றமை. பாத்தியின் ஒளி தாங்காது கண்மூடிக்கொண்டமை..."

வல்லி கைகளை எடுத்தாள். கவசம் கட்டைப் பிடித்துக்கொண்டு போகிற இயந்திரம். டப்பா அடித்தது எதோடும் கட்டப்படாமல் கிடந்திருக்கிறது, அதனால் அதன் கண்ணில் படவேயில்லை.

"என்னக்கா அது?"

"என்னமோ, தெரியல. எங்கே படிச்சேன்னும் தெரியல. வேலை செய்யும்போது தானா வாயில வருது. யாரோ ஒரு புள்ளையோட கதை."

"அந்தப் புள்ள யாருன்னு நான் சொல்லட்டுமா?"

இப்போது சொல்லலாம். புரிந்தால் பிடுங்குவதற்கு ஆள் இல்லை. வல்லி சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் வாழ்நாளில் எதையும் விளக்கியிராத அளவுக்குப் பொறுமையாக விளக்கினாள். சைக்கிள் கம்பியில் சுற்றியிருந்த துண்டு என்ன நிறம் என்பதுவரை சொன்னாள். ஜெபமாலை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வல்லி சொல்லி முடித்ததும் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

"புரியுதாக்கா?"

"நல்லாச் சொல்றீங்க மேடம். எல்லாம் புரியுது," என்றாள் ஜெபமாலை. "அந்தப் புள்ள நான்தாங்கறதை மட்டும் டப்பாதான் அடிக்கணும்."